மைனியின் தாகம்

ஆட்டோவெல்லாம் வேண்டாம் டீச்சர், பஸ் வார நேரந்தான். இப்படி நிழல்ல வந்து நில்லுங்க. வீட்டுல வச்சு நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லாம, "வாங்க, பஸ்ஸ்டாப் வரைக்கும் வாரேன்"னு செருப்ப மாட்டிட்டு வந்துட்டேன். தப்பா நினைச்சுக்கிடாதீங்க. வீட்டுல வச்சு அதப் பேசமாட்டேன்னு மைனிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

ஒங்க சபையில லெந்து நாள் தவக்காலத்துப் பெண்கள் கூட்டத்துக்கு என்னப் பேசக் கூப்பிடுதீங்க. 'அன்றாட வாழ்க்கையில் சிலுவை.' நல்ல தலைப்புதான். என் பேர எங்க ஐயரே சொன்னார்னு சொன்னீங்க. சொல்லியிருப்பார். குருவானவர்லா, ஆட்கள்கிட்ட நல்லத மட்டுந்தான் பாப்பார். ஆனா நான் வரல டீச்சர். கூச்சமெல்லாம் கிடையாது. மைக்க என் கையில குடுத்துட்டுத் திரும்பி வாங்கத்தான் கஷ்டப்படணும்னு எங்க வீட்டுக்காரங்க சொல்லுவாங்க. வராததுக்குக் காரணமே அதுதான்னு வச்சுக்கிடுங்களேன்.

முன் ரூம்ல கட்டில்ல சாஞ்சு இருந்தாங்கல்லா, ஒங்ககிட்ட எந்த ஸ்கூல், எந்த கிளாஸ்னு விசாரிச்சாங்களே, அவங்கதான் வயலட் மைனி. எங்க வீட்டுக்காரங்களுக்குக் கூடப்பொறந்த அக்கா. அம்மா சின்ன வயசுலயே இறந்துட்டதால தம்பிய இடுப்புல தூக்கி வளத்தது அவங்கதான். ஒரு மிஷன் ஸ்கூல் ஹாஸ்டல்ல வார்டனா இருந்தாங்க. கல்யாணம் பண்ணிக்கிடல. ரிட்டயர் ஆகி எங்ககூட வந்து இருந்தாங்க. வந்த கொஞ்ச நாள்லயே பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோச்சு. பேச்சு திரும்பிச்சு, நடை திரும்பல. கக்கூஸுக்குப் போகணும்னா தூக்கி நாற்காலியில வச்சு உருட்டிட்டுப் போகணும், மறுபடி தூக்கணும். எல்லாம் நான்தான். எங்க வீட்டுக்காரங்க கடைக்குப் போயிருவாங்க. வீட்டுல இருந்தாலும், "பொம்பளப்பிள்ளைக்குச் செய்யுத வேலைய நான் எப்படிச் செய்ய"ன்னு வெளிய போய் நிப்பாங்க.

நான் குறை வைக்கல டீச்சர். அதச் சொல்லிருதேன். மைனி முதுகுல ஒரு புண்ணு வந்தது கிடையாது. வேணும்னா டாக்டர்ட்ட கேட்டுக்கிடுங்க. நேரத்துக்குக் கஞ்சி, நேரத்துக்கு மாத்திர, வெள்ளச் சேல துவைச்சுக் கஞ்சி போட்டுத்தான் உடுத்திவிடுவேன். வாரவங்கெல்லாம், "எப்சிபா, ஒன்ன மாதிரி யாரு செய்வா"ன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. அதக் கேக்கும்போது நல்லாத்தான் இருக்கும். அப்ப அவங்கள பின் ரூம்ல படுக்க வச்சிருந்தேன். கக்கூஸுக்குப் பக்கமா இருக்கட்டும்னுதான். முன் ரூம்ல இருந்தா வாரவங்களுக்கு வாடையடிக்கும், அதுவும் ஒரு காரணம். இல்லன்னு சொல்லல.

போன வருஷம் லெந்து நாள்ல ஐயர் ஒரு ஏற்பாடு பண்ணுனார். வெள்ளிக்கிழம ஆராதனையில வாரம் ஒருத்தர் எந்திரிச்சு, தான் சுமக்குத சிலுவை எதுன்னு சாட்சி சொல்லணும். முத வாரம் ஒரு அண்ணாச்சி தன் சர்க்கரை வியாதியச் சொன்னார். அடுத்த வாரம் ஒரு அம்மா, மகன் குடிக்கிறதச் சொல்லி அழுதாங்க. மூணாவது வாரம் என்னச் சொல்லச் சொன்னாங்க.

நான் தயார் பண்ணுனேன் டீச்சர். சமையல்கட்டுல தேங்கா துருவிக்கிட்டே சொல்லிப் பாத்தேன். எந்த இடத்துல நிறுத்தணும், எந்த இடத்துல குரலத் தாழ்த்தணும், எல்லாம் பாத்து வச்சிருந்தேன். வெள்ளிக்கிழம எந்திரிச்சு, "எல்லாருக்கும் கர்த்தர் ஒரு சிலுவை வச்சிருக்கார். எனக்கு அவர் குடுத்த சிலுவை எங்க வயலட் மைனி"ன்னு ஆரம்பிச்சேன். தூக்கித் தூக்கி இடுப்பு எலும்பு தேஞ்சது, எங்க அக்கா மக கல்யாணத்துக்குப் போக முடியாம வீட்டுல கிடந்தது, ராத்திரி கூப்பிட்டா எந்திரிக்கிறது, பீ மூத்திரம் அள்ளுறது, அத அள்ளிட்டு வந்து அந்தக் கையால சோறு திங்க முடியாம இருந்தது. ஒண்ணு விடல. கடைசியில, "ஆனாலும் இந்தச் சிலுவைய நான் இறக்கி வைக்கமாட்டேன், முடிவு வரைக்கும் சுமப்பேன்"னு சொல்லி முடிச்சேன். பொம்பளைங்க பூரா அழுதுட்டாங்க. ஐயர் கண்ணாடியக் கழத்தித் தொடச்சார். வெளிய வரும்போது ஆளாளுக்கு வந்து என் கையப் பிடிச்சாங்க. அன்னைக்கு வீட்டுக்கு நடந்து வந்த நட இருக்கே, கால் தரையில படல.

எங்க வீடு கோயிலுக்குப் பின் தெருவுலதான். நீங்களே பாத்தீங்க. கோபுரத்துல ஒரு குழாய் ஸ்பீக்கர் எங்க தெருவப் பாத்துத்தான் கட்டியிருக்கு. மைனிக்குக் கோயிலே அந்தக் குழாய்தான். கோயிலுக்குத் தூக்கிட்டு வர முடியாதுல்லா. அதனால ஆராதனை நேரம் வந்தா, "எப்சி, ஜன்னலத் திற"ன்னு சொல்லி, தலைய மூடிக்கிட்டு பாட்டுக்குப் பாட்டு, ஜெபத்துக்கு ஜெபம் சேந்து சொல்லுவாங்க. அன்னைக்கும் நான்தான் திறந்து வச்சிட்டுப் போனேன்.

வீட்டுக்கு வந்தேன். மைனி சுவரப் பாத்துப் படுத்திருந்தாங்க. "மைனி, கஞ்சி கொண்டாரட்டுமா"ன்னேன்.

"வேண்டாம் எப்சி. நீ சாப்பிட்டியா?"

"இனிமத்தான்."

"மொதல்ல சாப்பிடு. கையக் கழுவிட்டு நல்லாச் சாப்பிடு."

அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் உறைக்கல. உறைக்கலன்னுதான் அப்ப நினைச்சேன்.

அதுக்கப்புறம் மைனி என்னக் கூப்பிடுறது குறைஞ்சுபோச்சு. முன்ன காலையில, பதினோரு மணிக்கு, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி ஒண்ணு ரெண்டு தடவன்னு கூப்பிட்டுட்டே இருப்பாங்க. இப்ப காலையில ஒரு தடவ, ராத்திரி படுக்குறதுக்கு முன்ன ஒரு தடவ. ராத்திரியில எந்திரிக்கிற வேலையே இல்ல. நான் நல்லாத் தூங்குனேன் டீச்சர். எனக்கு எவ்வளவு நிம்மதின்னு சொல்லி முடியாது. அடுத்த பெண்கள் கூட்டத்துல அதையும் எந்திரிச்சு சொன்னேன். நான் சாட்சி சொன்னதுக்குப் பலனா கர்த்தர் என் பாரத்தக் குறைச்சுட்டார்னு சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க.

வெயில் ஏறிட்டுது. பங்குனி வெயில் எங்க ஊர்ல எப்படி அடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ரத்னாவதி ஒருநாள், "என்னக்கா, ஊரெல்லாம் காஞ்சு கிடக்கு, ஒங்க பின் ஜன்னலுக்குக் கீழ இருக்க கற்பூரவல்லி மட்டும் இப்படிச் செழிச்சுக் கிடக்கே"ன்னா. நான், "பாத்ரூம் தண்ணி கசியும்"னேன். போய்க் குனிஞ்சு பாக்கல. தம்ளர் தம்ளரா நான் கொண்டு வச்ச தண்ணி, மோர், பானக்கம், பூரா அங்கதான் போயிருக்கு. நல்லா இருக்க வலது கைய வச்சு ஜன்னல் கம்பி வழியா ஊத்தியிருக்காங்க. நான் திரும்பி வந்து காலித் தம்ளர எடுக்கும்போது, "குடிச்சுட்டீங்களா மைனி"ன்னு கேப்பேன். பதில் சொல்லமாட்டாங்க. பொய் சொல்லத் தெரியாது அவங்களுக்கு. தலைய மட்டும் திருப்பிக்கிடுவாங்க. குடிச்சுட்டாங்கன்னு நானா எடுத்துக்கிடுவேன்.

உதடு வெடிச்சிருந்துச்சு. வெண்ணெய் தடவிவிட்டேன். பேச்சு கொழகொழன்னு ஆச்சு. வயசாகுதுன்னு நினைச்சேன்.

குருத்தோல ஞாயிறு அன்னைக்குக் காய்ச்சல். என்னயப் பாத்து 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிடுறாங்க. அவங்க அம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. கார் பிடிச்சுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனோம். சின்ன வயசு லேடி டாக்டர். நாக்க நீட்டச் சொல்லிப் பாத்துது, கைத் தோலக் கிள்ளிப் பாத்துது. கிள்ளுன தோல் அப்படியே நிக்குது, கீழ இறங்கல. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு வந்து, எங்க வீட்டுக்காரங்க நிக்கும்போதே என்கிட்ட கேக்குது, "இவங்களுக்கு வீட்ல தண்ணி குடுக்குறதே இல்லையாம்மா? கிட்னி ரெண்டும் அடி வாங்கியிருக்கு"ன்னு.

எங்க வீட்டுக்காரங்க அப்படியே திரும்பி என்னப் பாத்தாங்க. கல்யாணம் ஆனதுலேருந்து அப்படி ஒரு பார்வை பாத்ததில்ல.

"குடுப்பேன் டாக்டர், நேரம் தவறாம குடுப்பேன்"னு நான் கத்துதேன். அந்தப் பிள்ள நம்பல. நம்பவே இல்ல டீச்சர். அப்ப மைனி கண்ணத் திறந்தாங்க. அந்தக் காய்ச்சல்லயும் டாக்டரப் பாத்து, "அவ குடுப்பா. எனக்குத் தாகம் எடுக்கல"ன்னாங்க. பொய் சொல்லத் தெரியாதுன்னு சொன்னேன்லா. எனக்காக அதையும் சொன்னாங்க.

மூணு நாலு நாள் குளுகோஸ் ஏத்துனாங்க. காய்ச்சல் இறங்கி மைனிக்குத் தெளிவு வந்துச்சு. வாயில ஒரேயடியா தண்ணி குடுக்காதீங்க, பஞ்ச நனைச்சு உதட்டத் தொடைங்க, சொட்டுச் சொட்டா விடுங்கன்னு நர்ஸ் சொல்லியிருந்தாங்க. அன்னைக்குப் பெரிய வெள்ளி. மத்தியானம். பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்க மக போன்ல அவங்க ஊர்க் கோயில் ஆராதனையப் போட்டு வச்சிருந்தா. ஏசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையும் ஒவ்வொண்ணா வருது. நான் பாட்டுக்குப் பஞ்ச நனைச்சு மைனி உதட்டுல வச்சிட்டு இருக்கேன். அஞ்சாவது வார்த்த வந்துச்சு. 'தாகமாயிருக்கிறேன்.' என் கை அப்படியே நின்னுபோச்சு.

"மைனி, ஏன் தண்ணி குடிக்கல?"ன்னு கேட்டேன்.

"குடிச்சா வரும்லா" - மெதுவாத்தான் சொன்னாங்க. "வந்தா ஒன்னக் கூப்பிடணும். நீ தூக்கணும். இடுப்பு எலும்பு தேஞ்சுபோச்சுன்னியே."

"நான் எப்ப மைனி அப்படிச் சொன்னேன்?"

"கோயில்ல சொன்னியே."

கோவமா சொல்லல. நேத்து காய்கறிக்காரன் வந்தான்னு சொல்லுத மாதிரி சொன்னாங்க. பஞ்சு கையிலேருந்து விழுந்துட்டு. நான் அவங்க காலப் பிடிச்சுக்கிட்டு, "குழாய் இருக்கத மறந்துட்டேன் மைனி, நீங்க கேப்பீங்கன்னு மறந்தே போயிட்டேன், என்ன மன்னிச்சிருங்க"ன்னு அழுதேன். வார்டே திரும்பிப் பாக்குது. மைனி, "சரி, சரி. எந்திரி. எல்லாரும் பாக்காங்க. அந்தப் பஞ்ச எடு"ன்னாங்க.

எனக்கு அது பத்தல டீச்சர். 'மன்னிச்சுட்டேன் எப்சி'ன்னு ஒரு வார்த்த வாயால சொல்லமாட்டாங்களான்னு இருந்துச்சு. அவங்க சொல்லல. அதனால நான் எல்லார்ட்டயும் போய்ச் சொல்ல ஆரம்பிச்சேன். பக்கத்துக் கட்டில்காரங்கட்ட சொன்னேன். நர்ஸ்கிட்ட சொன்னேன். வீட்டுக்கு வந்தப்புறம் பாக்க வந்தவங்க ஒருத்தர் பாக்கி இல்லாம, கட்டில் பக்கத்துலயே நாற்காலியப் போட்டு ஒக்காரவச்சு, நான் எவ்வளவு பெரிய பாவி பாருங்கன்னு ஆரம்பிச்சிருவேன். ஐயர்ட்ட சொன்னேன். பெண்கள் கூட்டத்துல முழங்கால் போட்டுச் சொன்னேன். மறுபடியும் எல்லாரும் அழுதாங்க. மறுபடியும் வந்து கையப் பிடிச்சாங்க. இப்படித் தன்னத் தாழ்த்த யாருக்கு மனசு வரும்னு ஐயர் பிரசங்கத்துலயே சொன்னார். குழாயில. ஒங்களுக்கு என் பேர அவர் சொன்னது அதனாலதான்.

அன்னைக்குச் சாயங்காலம் மைனி கூப்பிட்டாங்க. "எப்சி, இங்க வந்து ஒக்காரு"ன்னாங்க. ஒக்காந்தேன்.

"போன மாசம் நான் ஒனக்குச் சிலுவையா இருந்தேன். இந்த மாசம் சாட்சியா இருக்கேன். என் மூத்திரத்த ரெண்டு தடவ கோயில்ல வச்சுப் பேசிட்ட. நான் எப்ப ஒனக்கு மைனியா இருக்க?"

அம்பது பொம்பளப்பிள்ளைங்கள மேய்ச்சவங்கல்லா, குரல் ஒசத்தாமயே பேசுவாங்க.

"நான் என்ன செய்யணும் மைனி, சொல்லுங்க, செய்யுதேன்"னேன்.

"என்னப் பத்தி யார்ட்டயும் பேசாத. நான் கூப்பிட்டா வா. முடியலன்னா 'இப்ப முடியல'ன்னு வாயத் திறந்து சொல்லு, கொஞ்ச நேரம் பொறுத்துக்கிடுவேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வராத. அது எனக்கு முதுகுல தெரியும், நீ தூக்கும்போது. இன்னொண்ணு, என்ன முன் ரூம்ல போடு. எனக்குத் தெருவப் பாக்கணும்."

அவ்வளவுதான் கேட்டாங்க. யார்ட்டயும்னாங்க, வீட்டுல வச்சுப் பேசமாட்டேன்னுதான் என்னால வாக்குக் குடுக்க முடிஞ்சுது. அன்னைக்கே கட்டில மாத்துனோம். மாத்தும்போது எங்க வீட்டுக்காரங்க கட்டில் ஒரு பக்கத்தப் பிடிச்சிட்டு இருந்தாங்க. மைனி அவங்களப் பாத்து, "ஏலே, நீயும் கத்துக்க. ஒனக்கு நான் எவ்வளவு கழுவியிருப்பேன். ஒனக்கு என்ன வெக்கம்?"னு கேட்டாங்க. கடைக்காரர், ஊர்ல பெரிய மனுஷன், தலையத் தொங்கப்போட்டுட்டு நின்னாங்க. இப்ப காலையில அவங்கதான் தூக்குறது. முத நாள் தூக்கி நாற்காலியில வச்சிட்டு, சமையல்கட்டுக்கு வந்து சுவரப் பாத்துக்கிட்டு நின்னாங்க. "அக்கா ஒண்ணுமே கனம் இல்லடி. ஒரு சுள்ளிக்கட்டு கூட இல்ல"ன்னாங்க. அத வச்சுத்தான நான் அவ்வளவு பேசினேன்.

இப்ப நல்லா இருக்காங்க. கிட்னி முழுசாத் திரும்பல, உப்பில்லாத சாப்பாடு, மாத்திர. ஆனா நல்லா இருக்காங்க. இன்னைக்கு ஒங்க முன்னாலயே மோர் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க, பாத்தீங்கல்லா. வாசல்ல போற பிள்ளைங்களக் கூப்பிட்டு வாய்ப்பாடு கேக்காங்க. நான் லேட்டா வந்தா ஏசுதாங்க. ஏசுறது எனக்கு நல்லா இருக்கு.

நான் மட்டும் அப்படியேதான் இருக்கேன் டீச்சர். 'எப்சி'ன்னு கூப்பிட்ட உடனே, முத முதல்ல எனக்குள்ள வாரது எரிச்சல்தான். இன்னைக்கும். அன்பெல்லாம் அதுக்குப் பின்னாலதான் வருது. சில நாள் வரவும் செய்யாது. அந்த எரிச்சல மூஞ்சிக்கு வரவிடாம, கைக்கு வரவிடாம, எந்திரிச்சு நாலு எட்டு நடந்து அவங்கட்ட போகணும். தினம் எனக்கு இருக்க வேலை அதுதான். அதப் போய் ஒரு கூட்டத்துல எந்திரிச்சு எப்படிச் சொல்ல? சொன்னா மறுபடி கையப் பிடிக்க வந்துருவாங்க.

இன்னொண்ணும் இருக்கு. ஏன் ஒங்ககிட்ட சொல்லுதேன்னு தெரியல. நீங்க வேற ஊருங்கிறதாலயா இருக்கும். மைனி காலப் பிடிச்சுக்கிட்டு, குழாய் இருக்கத மறந்துட்டேன்னு சொன்னேன்லா. மறக்கல டீச்சர். மைக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது அந்த ஜன்னல் என் கண்ணு முன்னாலயே இருந்துச்சு. கேக்கட்டும். என் கஷ்டம் அவங்களுக்கும் ஒருநாள் தெரியட்டும். அந்த நினைப்புலதான் குரல இன்னும் கொஞ்சம் ஒசத்துனேன். இத ஐயர்ட்ட சொல்லல. முழங்கால் போட்டப்பவும் சொல்லல. எல்லாத்தையும் சொல்லி அழுதவ, இத மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டேன்.

மைனிட்ட சொல்லிரலாம்னு எத்தனையோ தடவ பக்கத்துல போய் ஒக்காந்திருக்கேன். சொன்னா எனக்கு லேசாகிரும். ராத்திரி தூங்குவேன். ஆனா அவங்க? மறந்துபோய்ச் செஞ்சுட்டான்னு நினைச்சுத்தான் இப்ப தண்ணி குடிக்காங்க. தெரிஞ்சே செஞ்சான்னு கேட்டா என்ன ஆகும்? ஒருவேள அவங்களுக்குத் தெரியுமோ என்னமோ. தெரிஞ்சேதான் என்கிட்டருந்து தம்ளர வாங்குதாங்களோ என்னமோ. கேக்கவா முடியும்? அதனால வாய மூடிக்கிட்டுத் தலமுடி சீவிவிட்டுட்டு எந்திரிச்சு வந்துருதேன். தினமும் அது என்கூடவே வருது, அடுப்படிக்கும் கோயிலுக்கும். இதுக்கு ஒரு பேர் உண்டு. ஒங்க கூட்டத்துத் தலைப்புலயே இருக்கு. நான் அந்த வார்த்தையச் சொல்லமாட்டேன். சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் ஆச்சு.

அந்தா, பஸ் வருது. கைய நீட்டுங்க, இல்லன்னா நிக்கமாட்டான்.

டீச்சர், நான் ஏன் வரலன்னு ஒங்க கூட்டத்துல கேட்டா, வீட்டுல நடமாட முடியாத மைனி இருக்காங்க, விட்டுட்டு வர முடியாது, பாவம்னு... இல்ல, இல்ல. அப்படிச் சொல்லிராதீங்க. பாத்தீங்களா, அதுவாவே வாயில வந்துருது. எப்சிபாவுக்கு அன்னைக்கு வேற வேலை இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. போதும். ஏறுங்க, பாத்து ஏறுங்க.